கண்ணாடி லோடு

“என்ன லோடு தம்பி?” என்று கேட்டார் டயர் கடைக்காரர்.

பிக்கப்காரன் வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தான். பிறகு சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்தான்.

“கண்ணாடி.”

“கல்லை விட்டாச்சா?”

“கல்லும் உண்டு. இது தனி.”

சமையல் மேடைக்குப் பதிக்கும் கருங்கல் பலகைகளைப் புது வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவன் தொழில். வண்டி, கனத்த பாரத்துக்கென்றே செய்த பிக்கப். கல் ஏற்றினால் சாதுவாகப் போகும். காலியாக ஓட்டினால் உதைக்கும்.

“எவ்வளவு எடை வரும்?”

“அறுபது, அறுபத்தஞ்சு கிலோ.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டான். “போகப் போகக் கூடும்.”

“கண்ணாடியா கூடும்?”

“கூடும்னா கூடும்ணே. குலுங்காத டயரா குடுங்க, போதும்.”

கண்ணாடி அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தது. ஆறாம் மாதம்.

போன தடவை, உறுதியான அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். மூன்றாம் மாதம் கலைந்துபோனது. சொன்ன வாசலுக்கெல்லாம் மறுபடி போய் அதையும் சொல்ல வேண்டியிருந்தது. விட்டுப்போன ஒருத்தர் ரொம்ப நாள் கழித்து வழியில் நிறுத்தி, “என்ன குழந்தைப்பா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதோடு முடிவு செய்தான். இந்த முறை யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

வாயை மூடிக்கொண்டானே தவிர, கண்ணை மூட முடியவில்லை. மனைவி இருமினால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, “என்ன, சத்தத்தையே காணோம்?” என்றான். சத்தம் வந்தால், “என்ன சத்தம்?” என்றான்.

“மாசமா இருக்கிறது நானா நீங்களா?” என்று அவள் கேட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

முந்தின நாள்தான் மருத்துவமனைக்குப் போய் வந்தார்கள். ஆண்களை உள்ளே விடாத அறை. அவள் வெளியே வந்து வண்டியில் ஏறி, பெல்ட்டை மாட்டி, அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வண்டி குலுங்கக் கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“டாக்டரம்மா.”

“அப்ப இனிமே வாடகைக் கார்ல போயிடலாமா?”

“முன்ன பின்ன தெரியாத ஆளு ஓட்டுற வண்டியிலயா? நீங்க ஓட்டினாத்தான் எனக்குத் தைரியம். இதையே சரி பண்ணுங்க.”

அதனால்தான் இந்தக் கண்ணாடி.

கடையில் அவன் கண் ஒரே இடத்தில் நின்றது. கை அகலத்துக்குக் கட்டை கட்டையாக ரப்பர் புடைத்திருந்த டயர். தடிமனான மெத்தை சுகமாக இருக்கிறதல்லவா, டயரும் அப்படித்தான் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டான்.

“அது சேத்துல போற டயர் தம்பி. நல்ல ரோட்டுல போனா அழும்.”

“அழட்டும்.”

அழுதது. சாதாரண அழுகை இல்லை. தெருமுனையில் அவன் திரும்பும்போதே வீட்டில் உலை வைத்தால் சரியாக இருக்கும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னாள். வண்டி வேறு ஒரு முழம் உயர்ந்துவிட்டது. மனைவி ஏறுவதற்கு அடுப்படி முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். முக்காலியில் ஏறி, அங்கிருந்து படியில் ஏறி, அவள் உள்ளே போய் உட்கார்ந்து கீழே பார்த்தாள்.

“நம்ம வீட்டு மொட்டை மாடி தெரியுதுங்க.”

“குலுங்குதா, அதைச் சொல்லு.”

“குலுங்கல. ஆனா பல்லெல்லாம் கூசுது.”

மறுநாள் கடையில் அந்த டயர்களைக் கழற்றி, சாலை டயரைப் போட்டார்கள். “சேறே பாக்காத சேத்து டயரை இப்பத்தான் முதல் தடவை திருப்பி வாங்குறேன்” என்றார் கடைக்காரர்.

மனைவியை உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து ருசி பார்ப்பதுபோல யோசித்தாள்.

“சத்தம் போயிடுச்சு. ஆனா...”

“ஆனா?”

“பின்னாடி தூக்கிப் போடுதுங்க. லேசா.”

அந்த ‘லேசா’ போதுமாயிருந்தது.

டயர் கடைக்காரர் தன் மச்சானின் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். “தங்கச்சியைக் குடுத்த இடம், அதனால சொல்றேன். வேலை தெரிஞ்சவன். பேச்சை மட்டும் நம்பாதீங்க.”

மச்சான் தொப்பையோடு வண்டிக்கு அடியில் புகுந்து, பின் அச்சின்மேல் அடுக்கடுக்காக இருந்த வில் தகடுகளைத் தட்டிப் பார்த்தார். பட்டறையில் அதற்குப் பட்டை என்று பெயர்.

“எங்க மச்சான் ரப்பர் வித்தே பொழைக்கிற ஆளு. நோய் வயித்துல இருந்தா செருப்பை மாத்தச் சொல்லுவாரு” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “இந்தப் பட்டை ஒவ்வொண்ணும் இரும்பு மனசு. காலி வண்டிக்கு வளையாது. ரெண்டை உருவிடட்டுமா?”

“உருவுங்க.”

உருவினார். வண்டி மெத்தென்று ஆகிவிட்டது. அளவுக்கு மீறி ஆகிவிட்டது. வளைவில் திரும்பினால் உடம்பு ஒரு பக்கம் போய், யோசித்து, மறுபக்கம் வந்தது. மனைவி பாதி வழியில் கதவைத் திறந்து சாப்பிட்டதையெல்லாம் சாலைக்குக் கொடுத்தாள்.

“குலுங்கல” என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. “மிதக்குது.”

மறுநாள் கல் ஏற்றியபோது வண்டியின் வால் தரையைத் தேய்த்தது. முகம் வானத்தைப் பார்த்தது. கொத்தனார் ஒருவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கும்பிடுதா, குரைக்குதா?” என்று கேட்டார்.

உருவிய பட்டைக்குப் பதிலாக, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றடைத்த ரப்பர் பைகள் வைக்கலாம் என்றார் மச்சான். “கல்லுன்னா காத்தை ஏத்திக்கோங்க, கண்ணாடின்னா இறக்கிக்கோங்க.” கேட்க நன்றாக இருந்தது. வைத்தார்கள்.

இத்தனை இழுபறியிலும் ஒரு நல்லது நடந்தது. பிக்கப்காரன் தூங்க ஆரம்பித்தான். இரண்டு தட்டு சோறு தின்றான். தின்னும்போதும் விரலால் தட்டில் பட்டை வரைந்தான். மனைவி இருமினால், “வலது பக்கம் கொஞ்சம் காத்து இறக்கணும்” என்று முனகிவிட்டுப் புரண்டு படுத்தான்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும்போது, வலது பக்கப் பை தானாகவே காற்றை இறக்கிக்கொண்டது. வண்டி ஓட்டுநர் பக்கமாகச் சாய்ந்தது. மனைவி இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி வந்து அவன் தோளில் முட்டி நின்றாள். நேராக உட்கார்ந்தாள். மறுபடி வழுக்கினாள். கடைசியில் அப்படியே தலையைச் சாய்த்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் எப்போது விட்டுப்போனது என்று இருவருக்கும் தெரியாது.

“இது நல்லா இருக்குங்க” என்றாள்.

“எது?”

“இந்தச் சாய்வு. இப்படியே விட்டுடுங்களேன்.”

“பை ஓட்டையாயிடுச்சு. உனக்கென்ன தெரியும்?” என்று சொல்லி, நேராகப் பட்டறைக்கு விட்டான். ஆனால் அந்த வழியில் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓட்டினான்.

மனைவி வண்டியிலேயே இருந்தாள். சத்தம் கேட்காதபடி ஜன்னலை மூடியிருந்தான். மச்சான் ஓட்டைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கண்ணாடியைப் படுக்க வெப்பீங்களா, நிறுத்தி வெப்பீங்களா?”

“உக்கார வெப்பேன்.”

“பின்னாடிதானே?”

“முன்னாடி. என் பக்கத்துல.”

“பெல்ட் போட்டு?”

“ஆமா.”

மச்சான் வண்டியின் முன்பக்கம் பார்த்தார். உள்ளே கண்ணாடி கொட்டாவி விட்டது. அவர் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்தப் பாடு எல்லாருக்கும் மிச்சம்” என்றார். “உருவின பட்டையைத் திருப்பிப் போட்டுடறேன். பையைக் கழட்டிடறேன். இது கல்லுக்குன்னு பொறந்த வண்டி. பின்னாடி கல்லு ஏறினா பட்டை வளையும், முன்னாடி ஆள்... கண்ணாடி அசையாது. காலியா ஓட்டாதீங்க, அவ்வளவுதான்.”

உண்மைதான். பழைய பட்டை, பின்னால் அளவான கல். வண்டி எண்ணெயில் போவதுபோல் போயிற்று. மனைவி கண்ணை மூடி யோசித்தாள். அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

“குறை ஒண்ணுமில்ல” என்றாள், என்னவோ தோற்றுவிட்டவள்போல. அவன் முகம் அந்த வார்த்தையில் சட்டென்று வெறுமையானதைப் பார்த்துவிட்டு, “ஆமா, முன் டயருக்கு எவ்வளவு காத்து வெச்சிருக்கீங்க? அதையும் தினம் பாத்துக்கணும் இல்ல?” என்றாள்.

தினம் பார்த்தான். காலையிலும் பார்த்தான், மாலையிலும் பார்த்தான்.

வலி வந்தது ஒரு மத்தியானம். அவன் அப்போதுதான் கடைசிப் பலகையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான். மனைவி முக்காலி இல்லாமலே ஏறி உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். வீட்டுக்குப் பின்னால் கல் அடுக்கியிருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

“எங்க போறீங்க?”

“வண்டி காலியா இருக்கு. கல்லு ஏத்தணும்.”

“இப்பவா!”

“ரெண்டே பலகை. அசையாம இரு.”

“ஏங்க, குலுங்கினா குலுங்கட்டும்! வண்டியை எடுங்க!”

“டாக்டரம்மா சொன்னதை மீறச் சொல்றியா?”

“நான் சொல்றேன், ஒண்ணும் ஆகாது!”

“நீ டாக்டரா?” என்று கத்திவிட்டு, இரண்டு ஆள் தூக்கும் பலகையை ஒற்றை ஆளாகத் தூக்கினான். இரண்டு போதாமல் நான்கு பலகை ஏறும்வரை அவள் அவனையும் அவன் வண்டியையும் டயரைக் கண்டுபிடித்தவனையும் வரிசையாகத் திட்டினாள்.

போகிற வழியில் சைக்கிள்கள் எல்லாம் முந்திக்கொண்டு போயின. ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, “ஏதாவது உடையற சாமானா?” என்று அனுதாபமாகக் கேட்டார்.

“ஆமாய்யா!” என்றான்.

மருத்துவமனை வாசலில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார். “கல்லு, மண்ணெல்லாம் பின் கேட்டு.”

“லோடு முன்னாடி இருக்குய்யா!”

காவல்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குப்பின் கேட்டு திறந்த வேகம் தனி.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. அவன் நடைவழியில் நின்றான். போன தடவையும் இதே நடைவழிதான், இதே பச்சைச் சுவர்தான். அன்றைக்கு இந்தக் கதவைத் திறந்து வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். இப்போது கழற்ற எதுவுமில்லை, மாட்ட எதுவுமில்லை. வெளியே போய் நான்கு டயரிலும் காற்றைப் பார்த்துவிட்டு வந்தான். மறுபடி போய்ப் பார்த்தான். காவல்காரர் மூன்றாம் தடவை தானும் கூடவே வந்து ஒரு டயரை அமுக்கிப் பார்த்து, “நல்லா இருக்கு தம்பி” என்றார்.

கதவு திறந்தது. நர்ஸ் அவன் முகத்தைப் பார்த்தே வந்தாள்.

“பொண்ணு. ரெண்டு பேரும் சுகம். முதல்ல கையைக் கழுவுங்க.”

கழுவினான். துணியில் சுற்றியதை அவள் அவனிடம் நீட்டியபோது, பலகையின் விளிம்பைத் தாங்குவதுபோல இரண்டு கையையும் அடியில் கொடுத்து விறைத்து நின்றான்.

“மூச்சு விடுங்க சார். கல்லு இல்ல இது.”

விட்டான். குழந்தை தலையைத் திருப்பி அவன் சட்டையில் முகத்தை அழுத்திக்கொண்டது. ஏதாவது சொல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான் போலிருந்தது.

“டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க சிஸ்டர். அன்னைக்கு அவங்க சொன்னதிலிருந்து இன்னைக்கு வரைக்கும், ஒரு குலுக்கல் இல்லாம கூட்டிட்டு வந்திருக்கேன்.”

நர்ஸ் மூடியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“இனிமே சொன்னா தப்பில்ல சார். வண்டி குலுங்கினா ஒண்ணும் ஆகாதுன்னுதான் டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. ‘அதை மட்டும் அவர் காதுல போட்டுடாதீங்க, எதையாவது கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தாத்தான் அந்த மனுஷன் பயப்படாம தூங்குவாரு’ன்னு உங்க வீட்டம்மாதான் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க.”