நான் இல்லாத என் பட்டமளிப்புப் படம்

கண்டிப் பக்கம் திகனவுக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில், தொலைக்காட்சிக்கு மேலே, என்னுடைய பட்டமளிப்புப் படம் பெரிதாகத் தொங்குகிறது. அதில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். பின்னால் ஹந்தானை மலை மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. நான் மட்டும் இல்லை.

அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்ததாக நினைக்க வேண்டாம். நானும் அங்கேதான் இருந்தேன். கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிந்துகொண்டு, நடுவில் நின்றேன். பிறகு என்னைப் படத்திலிருந்து அழித்தவனும் நானேதான். (அதற்குக் கூட ஆள் வைக்கவில்லை.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு வியாதி தொற்றியிருந்தது. எதைச் செய்தாலும் படித்தவன் செய்கிற மாதிரி செய்ய வேண்டும். முட்டை அவிப்பதற்கும் மூன்று வீடியோ பார்ப்பேன். பேராதனைக் கம்பஸில் கூட்டாளிகள் குறைவு. வார இறுதியில் மற்றவர்கள் கூட்டமாகப் படம் பார்க்கப் போனால், நான் அறைத்தோழனின் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு கண்டி வாவியைத் தனியாகச் சுற்றி வருவேன். அப்படிச் சுற்றிய நாட்களில்தான் எச்.டி.ஆர். பைத்தியம் பிடித்தது.

விஷயம் லேசானது. வெயிலில் எடுக்கும் படத்தில் முகம் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும். வானம் சரியாக வந்தால் முகம் கறுத்துவிடும். எனவே ஒரே காட்சியைச் சாதாரணமாக ஒன்று, இருட்டாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று தரம் எடுத்து, கணினியில் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். இதில் ஒரு தொல்லை உண்டு. யாராவது நடந்து போனால் மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருப்பார்கள். சேர்த்ததும் புகை மாதிரித் தெரிவார்கள். மென்பொருள் இவர்களைப் பேய் என்கிறது. பேயோட்ட அதிலேயே ஒரு பொத்தானும் இருக்கிறது: கொஞ்சமாக, நடுத்தரமாக, முழுசாக.

நான் எப்போதும் முழுசாகத்தான். வாவிக்கரையில் ஜோடியாகப் போனவர்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன குடும்பங்கள், எல்லோரையும் ஓட்டினேன். ஆளில்லாத கண்டி நகரம் ஒன்று என் மடிக்கணினியில் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

பட்டமளிப்பு நாள் நெருங்கியது. அக்கா அடுத்த கிழமை ஓமானுக்கு வேலைக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாது. பல்லேகல கைத்தொழிற் பேட்டையில் காவல் வேலை பார்க்கும் அப்பா, எதையும் கேட்காத மனிதர், இதை மட்டும் கேட்டார்.

"ஒரே ஒரு படம்பா. எல்லாரும் ஒண்ணா நிக்கணும். டீவிக்கு மேல எடம் ஒதுக்கியாச்சு."

அப்பாவுக்குப் படங்களில் எப்போதும் அநியாயம்தான் நடந்திருக்கிறது. வெயிலில் எடுத்தால் அவர் என்பது பல்லும் சட்டையும் மட்டுமே. கல்யாண வீட்டுப் படக்காரர்களோ அவர் முகத்தில் மாவு பூசினாற்போல் வெளுப்பாக்கித் தருவார்கள். அவருடைய சொந்த நிறத்தில், சொந்த முகத்தோடு ஒரு படம் எடுப்பேன் என்று முடிவு செய்தேன். வானமும் இருக்கும், மலையும் இருக்கும், அப்பாவும் இருப்பார்.

அன்று பேராதனையில் உச்சி வெயில். வாசலில் நின்ற படக்காரர் ஒருவர், "மல்லி" என்று சிங்களத்தில் என்னைத் தம்பியாக்கி, "ஒரு போட்டோ எடுப்பமா?" என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தம்பி போனை நீட்டினான்.

"அண்ணே, இதுல ஒண்ணு எடுத்து வச்சிக்குவோம்."

"அதுல எடுத்தா அப்பா கறுப்பா விழுவாரு. பேசாம நில்லு."

"அப்பா கறுப்புதானே?"

"அவன் என்னமோ படிச்சிருக்கான், விடு," என்றார் அம்மா.

மர நிழலில் அவர்களை நிறுத்தினேன். நடுவில் எனக்கு இடம் விடச் சொன்னேன். அப்பா என் தோளில் கை போடுவதற்கு வசதியாகக் கையை முன்கூட்டியே தூக்கி வைத்துக்கொண்டார். கமராவை முக்காலியில் பொருத்தி, தானாக எடுக்கும்படி அழுத்தினேன். ஓடி வர எனக்குப் பத்து விநாடியாவது வேண்டும். அறைத்தோழன் அதை இரண்டு விநாடியில் வைத்திருந்ததையோ, மூன்று படத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டிருந்ததையோ நான் பார்க்கவில்லை. (எச்.டி.ஆர். பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன். கமராவின் திரையைப் பார்க்கத் தெரியாது.)

அங்கி முக்காலியின் காலில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கும்போதே முதல் கிளிக். ஓடும்போது இரண்டாவது. போய் நின்று மூச்சு வாங்கும்போது மூன்றாவது. அப்பாவின் கை என் தோளில் விழுந்தது.

"வந்திருச்சா?"

"வந்திருச்சுப்பா."

அங்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரமாகிவிட்டது. அவர்கள் பஸ் ஏறினார்கள். நான் அறைக்கு வந்தேன். அறைத்தோழன் கமராவோடு ஊருக்குக் கிளம்ப நின்றான். அவசரமாக மூன்று படத்தையும் சேர்த்தேன். நடுவில் ஏதோ புகை மாதிரித் தெரிந்தது. யாரோ ஒருத்தன் குறுக்கே போயிருக்கிறான் என்று நினைத்தேன். பழக்கதோஷத்தில் 'முழுசாக' என்பதை அழுத்தினேன். போய்விட்டான்.

அப்புறம் அப்பாவின் முகத்தைப் பெரிதாக்கினேன். கண்ணுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. நிறம் அப்படியே அவருடைய நிறம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் நான் இல்லாதது என் கண்ணில் படவே இல்லை. அதுவரை நான் எடுத்த எந்தப் படத்திலும் நான் இருந்ததில்லையே. சேர்த்த படம் போதும் என்று மற்ற மூன்றையும் அழித்து, கார்டைத் துப்புரவாக்கிக் கமராவைக் கொடுத்தேன்.

கண்டியில் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுத் தந்தவர் மடவளைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதுல பட்டம் எடுத்தது யாரு தம்பி?"

"நான்தான் நானா."

என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்தார். படித்தவனுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி பஸ் ஏறினேன்.

வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடியிருந்தார்கள். அப்பா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தாளை அவரே பிரித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, நீ எங்க?" என்றான் தம்பி.

"இங்கதானே நிக்கிறேன்."

"படத்துல."

பார்த்தேன். நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் மலை மிகத் தெளிவாகத் தெரிந்தது. அப்பாவின் கை காற்றில் யாரையோ அணைத்துக்கொண்டிருந்தது.

"பட்டம் யாருக்குக் கெடச்சிச்சு, தம்பிக்கா?" என்று பக்கத்து வீட்டு ராணி அக்கா விவரம் கேட்டார்.

நான் பேயோட்டிய கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்ப முடியவில்லை. மேடையில் எடுத்த படத்தையாவது பெரிதாக்கலாம் என்றேன். அதில் நான் கண்ணை மூடிக்கொண்டு, தும்மப் போகிறவன் மாதிரி இருக்கிறேன். என் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாலு நாளில் அவள் போகிறாள். திருப்பிக் கொடுத்த அங்கியோடு மறுபடியும் எல்லோரும் ஒன்றாக நிற்க வழியில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அப்பா கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் ஆணி அடிக்கத் தொடங்கினார்.

"என்னாப்பா செய்றீங்க? இதுல நான் இல்லையே."

"என் மொகம் நல்லா வந்திருக்கு," என்றார் திரும்பாமலே. "இருக்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்தில் படம் எடுத்தாலும், முதலில் என்னைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டு, யாராவது என் சட்டையைப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, "பெரியவன் எங்க?" என்று கேட்டால், "எடுக்கப் போயிருக்கான்" என்பார் அம்மா. என் பங்குக்கு நானும் விடவில்லை. இப்போது கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்துத் தங்கி, வெளிநாட்டு வீட்டுத் தரகர்களுக்கு எச்.டி.ஆர். படங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். எல்லாம் ஆளில்லாத வீடுகள். பேயோட்ட வேண்டிய அவசியமே வருவதில்லை.

போன தீபாவளிக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் அறையில் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வீடியோவில் வந்தார். பக்கத்தில் தம்பியின் போனில் அக்கா, ஓமானிலிருந்து.

"எல்லாரையும் ஒண்ணாப் பாக்கணும் போல இருக்கு," என்றாள் அக்கா. குரல் சரியில்லை.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு என் திரை ஆடியது. கூரை தெரிந்தது, தொலைக்காட்சியின் மூலை தெரிந்தது. அப்பா கதிரையில் ஏறி, நான் இருந்த போனைப் படத்தின் நடுவில் அந்த வெற்றிடத்தில் வைத்துப் பிடித்திருக்கிறார் என்று தம்பி சொன்னபிறகுதான் புரிந்தது.

"அண்ணே, மண்டைய கொஞ்சம் எறக்கு. அப்பா கைக்குள்ள வா."

நான் பாணைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன்.

"ஆ, இப்ப சரி. அக்கா, தெரியுதா?"

"தெரியுது. எல்லாரும் இருக்கீங்க," என்றாள். "அவன் வாயில மட்டும் சம்பல் இருக்கு."

அம்மா சிரிப்பது கேட்டது. துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"அசையாத," என்றார் அப்பா. "அசைஞ்சா போயிருவ."

அவருக்குக் கை வலிக்கும் வரைக்கும் நான் அசையவில்லை.