சிடியின் தப்பான பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. என் அப்பாதான் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க அமுதாவுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படிங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். (பயம்.)

படித்தது என்னவோ உண்மைதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் ஒரு வருட டிப்ளமோ. எட்டுப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நான் எப்போதும் எட்டாவது ஆள். முன்னால் நின்ற ஏழு பின்னந்தலைகளுக்கு நடுவே எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் என் கல்வி. ஆனால் சான்றிதழில் முதல் வகுப்பு என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதை என் அப்பா லேமினேட் வேறு செய்துவிட்டார்.

கல்யாணமாகி அண்ணாமலை நகருக்கு வந்த மூன்றாவது மாதம் அந்தச் சனிக்கிழமை வந்தது. 2007 என்று நினைவு. வீட்டுக்காரர் நெய்வேலியில் ஷிப்டு. வீட்டில் மாமா, அத்தை, நாத்தனார் மலர், நான். மலர் விலங்கியலில் எம்.ஃபில். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டு நண்டுகள்தான் அவள் ஆராய்ச்சி. பதினோரு மாதம் முழங்கால் சேற்றில் நின்று நண்டு எண்ணியிருக்கிறாள். ஒரு தடவை நண்டும் அவளை எண்ணிவிட்டது, கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது. அந்தத் தீசிஸை திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை யாரோ ஒரு தோழியின் பென் டிரைவைச் செருகினாள். அதிலிருந்து கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அணைந்துகொண்டே இருந்தது.

"அண்ணி, கடைக்குத் தூக்கிட்டுப் போவட்டா?" என்றாள்.

அப்போதே 'போ' என்றிருக்கலாம். அப்பாவின் லேமினேஷன் என்னை விடவில்லை.

"கடையா? நான் எதுக்கு இருக்கேன்? புதுசா விண்டோஸ் போட்டுட்டா சரியாயிடும். நீ கைடைப் பாத்துட்டு வா, சாயங்காலம் பளிச்சுனு இருக்கும்."

அவள் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. "நீங்க இந்த வீட்டுக்கு வந்தது எங்க அதிர்ஷ்டம் அண்ணி" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தாள். தீசிஸை எந்த டிரைவில் வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவேயில்லை. முக்கியமானதை எல்லாரும் டி டிரைவில்தான் வைப்பார்கள் என்று எங்கள் சென்டரில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டால் டி-யில் இருப்பது அப்படியே இருக்கும். படித்த பெண் அவள், இதுகூடத் தெரியாமலா இருப்பாள்?

சென்டரில் காப்பி போட்டுக் கொடுத்த விண்டோஸ் சிடி ஒன்று சீர்வரிசையோடு என்னுடன் வந்திருந்தது. நல்ல காரியம், சும்மா ஆரம்பிக்கலாமா? மார்க்கர் பேனாவை எடுத்து அதில் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். 'உ', கீழே இரண்டு கோடு. சிடியின் ஒரு பக்கம் முழுக்கக் கம்பெனிக்காரன் ஏதேதோ அச்சடித்திருந்தான். மறுபக்கம் கண்ணாடி மாதிரி காலியாக இருந்தது. அங்கே, நடு ஓட்டையை ஒட்டி, அழகாகப் போட்டேன். (சிரிக்காதீர்கள். எட்டாவது ஆளுக்குச் சிடியின் எந்தப் பக்கமும் காட்டப்படவில்லை.)

சிடியைப் போட்டேன். டிரைவ் 'கிர்ர்' என்று சுற்றியது, முனகியது, ஓய்ந்தது. கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யாமல் பழையபடி அணைந்து எழுந்தது.

"பூட் ஆவல" என்றேன்.

நிறுத்தி மறுபடி போட்டு, டெலிட் பட்டனைத் தட்டி, அந்த நீலப் பக்கத்துக்குள் போய், முதலில் சிடியைப் பார் என்று மாற்றி வைத்தேன். பூட் ஆகவில்லை. டிரைவுக்குள் ஊதினேன். பூட் ஆகவில்லை. மாமா டார்ச் அடிக்க, பெட்டியைக் கழற்றி ராம் அட்டையை வெளியே எடுத்து பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். இப்போது 'பீப் பீப்' என்று கத்தியது. மறுபடி கழற்றி மாட்டியதும் கத்தல் நின்றது. அதையே ஒரு முன்னேற்றம் என்று மாமாவிடம் சொன்னேன். அவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

அத்தை சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கரண்டியோடு வந்தார்.

"காலையிலேருந்து பூட்டாவல, பூட்டாவலன்ற. பூட்டாம இருந்தா நல்லதுதான? ஏன் மொகம் இப்படி வாடிப் போவுது?"

மாமா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. சாப்பிடச் சொன்னார்கள், நான் மேசைக்கடியில் நுழைந்துகொண்டேன். ஊர் பூராவும் 'எங்க மருமவ கம்ப்யூட்டர்ல புலி' என்று அத்தை சொல்லி வைத்திருந்தார். புலி அப்போது மேசைக்கடியில் ஒயர்களுக்கு நடுவே தலையில் ஒட்டடையோடு உட்கார்ந்திருந்தது.

மணி மூன்றரை இருக்கும். அத்தை அந்தச் சிடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அவர் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் வாரம் மூன்று படம் விசிடி போட்டுப் பார்ப்பவர்.

"ஏம்மா, இந்தப் பளபளப்புப் பக்கந்தான படிக்கும்? இதுல கைரேக பட்டாலே எனக்குப் படம் நின்னு நின்னு வரும். நீ இங்க உ போட்டு வெச்சிருக்க?"

பூமி பிளக்கும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். பிளக்கவில்லை. மாமா தன் சர்க்கரை ஊசிக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் கொண்டுவந்து நீட்டினார். அத்தை பஞ்சால் துடைப்பதற்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையார் கரைந்தார்.

சிடி உள்ளே போனது. திரையில் ஒரு வரி வந்தது. மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உரக்கத் தமிழில் படித்தார். "பூட் பண்றதுக்கு ஏதாவது ஒரு கீயை அமுக்கச் சொல்லுது."

"அதான் நான் அப்பவே சொன்னேன்" என்று அத்தை இடுப்பிலிருந்த பீரோ சாவிக்கொத்தை உருவி என் கையில் வைத்தார். (விளையாட்டுக்கா நிஜமாகவா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.)

பட்டனைத் தட்டினேன். நீலத்திரை வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடகடவென்று போனேன். சி டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். அழிக்கவா என்று கேட்டது, அழிக்க எஃப்-ஐ அமுக்கு என்றது. விரலை எஃப் மேல் வைத்து, சாதித்த பெருமையோடு மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் வாசலில் சைக்கிள் சத்தம்.

"அண்ணி, ஆயிடுச்சா? என் நண்டுங்கல்லாம் பத்திரமா?"

"டி டிரைவ்ல பத்திரமா இருக்கும்" என்றேன்.

"டி-யா? நான் டெஸ்க்டாப்லதான வெச்சிருந்தேன். கண்ணெதிர இருந்தாத்தான எனக்குத் தைரியம்."

டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருப்பது. அது எட்டாவது ஆளுக்கும் தெரியும்.

விரலை எஃப்-லிருந்து எப்படி எடுத்தேன் என்று தெரியாது. அடுத்ததாக நினைவிருப்பது, பிளக் என் கையில் இருந்ததும், நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுததும்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எட்டாவது ஆள், ஏழு தலை, மார்க்கர், ரப்பர், ஒன்று விடாமல். "காலையிலயே இது பூட் ஆயிருந்தா, மலர், உன் ஒரு வருஷம் போயிருக்கும்" என்றேன். மலர் வெளிறிப்போய் நின்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அத்தைதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையிலிருந்த ஒட்டடையை எடுத்தார்.

"எதுக்கு அழுவுற? நீ தப்பான பக்கம் போட்டதாலதான், இவ வர்ற வரைக்கும் பிள்ளையாரு பூட்டி வெச்சிருந்தாரு. பூட்டாவல பூட்டாவலன்னியே, நல்லாத்தான் பூட்டியிருக்காரு."

மலர்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று மாலையே மேலவீதியில் ஒரு கடைக்கு ஆட்டோவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். நண்டுகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. திங்கட்கிழமை தீசிஸ் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் எங்கள் வீட்டில் எது ஓடாவிட்டாலும், மிக்ஸியோ மோட்டாரோ, முதல் கேள்வி, "அமுதா உ போட்டாளா?" என்பதுதான். நானும் பழகிவிட்டேன். நாலு வருடம் கழித்து மலருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து வந்தது. அத்தை முதல் பத்திரிகையை எடுத்து, பிரிக்காமல் என்னிடம் நீட்டினார்.

"எந்தப் பக்கம் போட்டிருக்கான்னு பாரு."

பிரித்துப் பார்த்தேன். உள்ளே, உச்சியில், மஞ்சள் நிறத்தில் 'உ'.

"சரியான பக்கந்தான் அத்தை."

"அப்ப கல்யாணம் பூட்டாயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் குங்குமச் சிமிழை எடுக்கப் போனார்.