றெனோல்ட் வம்சத்தின் லவால் கிளை

வம்சம் தேடிகள் என்று ஓர் இனம் மொன்றியலில் பெருகிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நிலக்கீழ் அறையில் ஒரு கணினி. வெளியே முடிவில்லாத பனி. இவை ஒன்றுசேர்ந்தால் போதும். ஒரு நாள் மனிதர் தன் கடனட்டையைக் கையில் எடுப்பார், அதிலுள்ள கடைசிப் பெயரை முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்ப்பார், கணினியில் தட்டுவார். அதன்பின் அவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் நிலக்கீழ் அறைக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு. சோழர் படையோடு வந்தவர்கள் பலர். கேரளத்திலிருந்து கப்பலேறியவர்கள் சிலர். நான் சொல்லப்போவது மிக அபூர்வமான பிரிவு: ஆங்கிலேய வம்சம் தேடும் மன்னார்க் கத்தோலிக்கர். எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருக்கிறார். பெயர் அருமைநாதன் றெனோல்ட். மொன்றியலை அடுத்த லவாலில் சொந்த வீடு. என் அப்பாவின் அண்ணன்.

றெனோல்ட் யார் என்று கேட்பீர்கள். என் அப்பப்பா. அது அவருடைய சொந்தப் பெயர், ஞானஸ்நானத்தில் வைத்தது. நம் வழக்கப்படி அவருடைய பிள்ளைகள் தகப்பன் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்து எழுதினார்கள். கனடாவில் இறங்கியபோது குடிவரவு அதிகாரி அதைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் போட்டார். அவ்வளவுதான் வரலாறு. அப்பப்பாவின் தகப்பன் பெயர் சந்தியாப்பிள்ளை. இங்கிலாந்தில் சந்தியாப்பிள்ளை என்று ஒரு பிரபுக் குடும்பம் இருந்ததாகத் தகவல் இல்லை.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்கள். அம்மா அக்னெஸ் அல்பேட், அப்பா யோசெப் றெனோல்ட், நான் ஷெரோன் யோசெப். வாடகைக்கு மூன்று குடும்பங்கள் இருப்பதாகத் தபால்காரர் நம்பியிருந்தார். எங்களுக்கு அது ஒரு சிக்கலாகப் படவில்லை. பெரியப்பாவுக்குப் பட்டது. அவர் தன் மகனுக்கு டினோஜன் றெனோல்ட் என்று பதிந்தார். "பேர் தொடரவேணும்" என்றார்.

தொடர்ந்தது. லவாலில் ஒரு கடைத்தொகுதியில் குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்குரிய கேடயச் சின்னத்தை அச்சடித்துச் சட்டம்போட்டுத் தரும் மேசை ஒன்று இருந்தது. பெரியப்பா பெயரைச் சொன்னார். இயந்திரம் ஒரு கேடயத்தைத் துப்பியது. அதிலிருந்த மிருகம் நரியா நாயா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அது வரவேற்பறையில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக மாட்டப்பட்டது. பார்க்கிறவர்களிடம் பெரியப்பா, இந்தப் பெயர் பிரான்சிலிருந்து நோர்மன்காரரோடு இங்கிலாந்துக்குப் போனது என்றும், ஆலோசனை, ஆட்சி என்று பொருள்படும் இரண்டு பழைய ஜேர்மானியச் சொற்களால் ஆனது என்றும் சொல்லுவார். அது உண்மைதான். பெயரைப்பற்றி அவர் சொன்ன எல்லாம் உண்மை. பெயருக்கும் தனக்கும் உள்ள தொடர்புதான் பிசகு.

இந்த இனத்தார் உறவினரை எங்கே கண்டாலும் விடமாட்டார்கள். பெயரின் கடைசியில் ஒரு 'ஸ்' கூடினாலும் சொந்தம்தான். மருந்துக்கடையில் ரெனோல்ட்ஸ் என்று மார்பில் பெயர் குத்தியிருந்த பெண்ணிடம் பெரியப்பா பூர்வீகம் விசாரித்தார்; அவள் மேலாளரைக் கூப்பிட்டாள். ஆங்கிலப் பத்திரிகையின் மரண அறிவித்தல்களை நாள்தோறும் வாசித்தார். ஒருமுறை கர்க்லாண்டில் ஒரு முதிய ரெனோல்ட்ஸ் காலமாகிவிட்டார் என்று கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்கே போய், விதவையின் கையைப் பிடித்து, வருகைப் புத்தகத்தில் 'குடும்பம்' என்ற பக்கத்தில் கையெழுத்து வைத்து, முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நல்ல மனிதர்கள் என்றார். எங்கள் ஆட்களின் அடக்கம் அவர்களிடமும் இருக்கிறதாம்.

பிறகு அமெரிக்காவில் ஒரு நிறுவனம் கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் சுரண்டி அனுப்பினால் மரபணுவைப் பார்த்து மூதாதையரைச் சொல்கிறது என்று அறிந்தார். என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர். எனக்கு இது விளங்கும் என்பது அவர் எண்ணம். விளங்கியதுதான் கஷ்டம்.

விடயம் எளிது. வை என்றொரு குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். ஆங்கிலேயரின் குடும்பப் பெயரும் அதே வழியில் போகிறது. ஆகவே ஒரே பெயருள்ள ஆங்கிலேயர்களின் வை-யை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருள் உண்டு. நம்மிடம் வை தொடரும். பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். இதைக் கடதாசியில் படம் கீறி விளக்கினேன். பெரியப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். வடிவாகக் கீறியிருக்கிறாய் என்றார். பிறகு பரிவோடு, "உன்ர கன்னத்தையும் சுரண்டி அனுப்பியிருப்பன், பிள்ளை. உன்னட்டத்தான் அந்த வை இல்லையே" என்றார்.

தன் கன்னத்தைச் சுரண்டினார். சுரண்டுமுன் எதுவும் சாப்பிடக்கூடாது. பெரியப்பா ஓர் இறைச்சிப் பற்றீஸ் சாப்பிட்டிருந்தார். முடிவு வருமுன்னே ரெனோல்ட்ஸ் பெயர்க்காரரின் இணையக் குழுவில் சேர்ந்து, 'அன்புள்ள சொந்தங்களே' என்று எல்லோருக்கும் மடல் எழுதினார். ஒஹாயோவிலிருந்து ஒருவர், நீங்கள் எந்த மாவட்டத்து ரெனோல்ட்ஸ் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். மன்னார் மாவட்டம் என்று பெரியப்பா பதில் போட்டார். அதன்பின் ஒஹாயோ எழுதவில்லை.

இதெல்லாம் 2005ஆம் ஆண்டு. அந்த மார்ச் மாதம் அப்பா இறந்தார். சிறுநீரகம். உறைந்த நிலம் இளகும்வரை உடலைக் காப்பறையில் வைத்திருந்து, மே மாதத்தில் அடக்கம் செய்தோம்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: கல். அடுத்த உறைபனிக்குமுன் வைக்கவேண்டும். நிலம் இறுகிவிட்டால் அத்திவாரம் போடமாட்டார்கள், அடுத்த வசந்தம்வரை காத்திருக்கவேண்டும். பெரியப்பா குறுக்கே வந்தார். மூத்தவர் என்ற முறையில் வந்தார். கல்லில் வம்சச் சின்னம் பொறிக்கவேண்டும், அதற்கு மரபணு முடிவு வரட்டும், ஒரு தடவை வெட்டினால் அழிக்கமுடியாத விடயம் என்றார். அம்மா மூத்தவர் சொல்லை மறுத்துப் பழகாதவர். காத்திருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் எடுத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். புதுக் குழிகள் எல்லாம் ஒன்றுபோலப் புல் விதைத்த மண். நிலத்தோடு ஒட்டி ஒரு சின்ன இலக்கத் தகடு. புல் வளர்ந்ததும் தகடு மறைந்துவிட்டது. ஓகஸ்டில் ஒருநாள் அம்மா ஒரு குழிக்கு மெழுகுதிரி கொளுத்தி, செபமாலை முழுதும் சொல்லி முடித்து எழும்பியபின்தான் அது அப்பா இல்லை, பக்கத்து ஆள் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். இன்னொரு தடவை சொல்லவில்லை.

முடிவு ஒக்டோபரில் வந்தது. ரெனோல்ட்ஸ் பெயருள்ள ஒருவரோடும் ஒரு பொருத்தமும் இல்லை. கிட்டவாக வந்தவர்கள் இருவர். ஒருவர் தூத்துக்குடிக்காரர். மற்றவர் ஸ்காபரோவில் டாக்சி ஓட்டுகிறவர்.

இனி நின்றுவிடுவார் என்று நினைக்கிறீர்களா? ஆதாரத்தால் இந்த இனத்தை ஒன்றும் செய்யமுடியாது. மாதிரி பழுதாகியிருக்கும் என்றார். பற்றீஸ்மேல் பழி விழுந்தது. டினோஜனின் கன்னத்தைச் சுரண்டி மறுபடியும் அனுப்பப்போவதாக அறிவித்தார். அதே முடிவுதான் வரும் என்று டினோஜன் பிரெஞ்சில் சொல்லிவிட்டு வெளியே போனான். இன்னும் ஆறு கிழமை பொறுங்கள் என்று பெரியப்பா தொலைபேசியில் சொன்னார். ஆறு கிழமையில் நிலம் கல்லாகிவிடும். அம்மா அவரை வீட்டுக்கு வரச்சொன்னார்.

வந்தார். கையில் கல்லின் வரைபடம். மேலே கேடயமும் அந்த மிருகமும். அதன்கீழ்ப் பெரிய எழுத்தில் றெனோல்ட். அடியில் சின்னதாக யோசெப், வருடங்கள்.

அம்மா தேநீரை வைத்துவிட்டு வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"அண்ணை, இதில பெரிசாய்ப் போட்டிருக்கிறது ஆற்றை பேர்?"

"எங்கட குடும்பப் பேர்."

"மாமாட பேர். மாமாவை மன்னாரிலயெல்லோ அடக்கம் பண்ணினது. இஞ்ச படுத்திருக்கிறது ஆர்?"

பெரியப்பா இரத்தம், நோர்மன்காரர், ஆலோசனை, ஆட்சி என்று சுற்றி வந்தார். அம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, அப்பப்பாவே தனக்குச் சொன்னது என்று ஒரு கதை சொன்னார். தலைமன்னார் துறையில் ரயில் எஞ்சின் ஓட்டிய பறங்கி ஐயா ஒருவர் சந்தியாப்பிள்ளையின் சிநேகிதராம். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றாராம். தன் பெயரையே வைத்தாராம்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்" என்றார் பெரியப்பா. "ஒரு தொடர்பு இருக்கு."

"அண்ணை, அந்த மனிசன் பேரை மட்டுந்தான் குடுத்தவர் எண்டு நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறம். வேறயும் குடுத்தவர் எண்டு அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சால், அது உங்கட அப்பாச்சிக்குத்தான் மரியாதையில்லை."

இவ்வளவு காலமும் தன் அப்பாச்சி ஏதாவது செய்திருக்கவேண்டும் என்றுதான் காசு கட்டிப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் பெரியப்பாவின் மூளைக்கு எட்டியது. முகம் போன போக்கைப் பார்த்து அம்மா தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார்.

பெரியப்பா வரைபடத்தை இரண்டாக மடித்தார். குரல் இறங்கியிருந்தது.

"தம்பி இருவது வருசம் றெஸ்ரோறன்ரில கோப்பை கழுவினவன். கல்லில எண்டாலும் கொஞ்சம் பெரிய இடத்து ஆளாய் இருக்கட்டும் எண்டு பாத்தன், தங்கச்சி."

"அவர் பெரிய இடத்து ஆள் எண்டு ஊருக்குத் தெரியவேண்டாம், அண்ணை. அவர் எங்க கிடக்கிறார் எண்டு எனக்குத் தெரிஞ்சால் காணும்."

அடுத்தநாள் மூவரும் கல் வெட்டுகிறவரிடம் போனோம். பிரெஞ்சு பேசும் கெபெக்வாக்காரர், கிழவர். கல்லின் உச்சியில் குடும்பப் பெயரை வெட்டுவதுதான் அவர்கள் வழக்கம். பென்சிலை எடுத்துக்கொண்டு, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அம்மாவும் நானும் பெரியப்பாவைப் பார்த்தோம்.

"யோசெப்" என்றார் பெரியப்பா.

இறந்தவரின் முதற்பெயர்?

"அதுவும் யோசெப்."

கிழவர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நவம்பர் நடுவில் கல் வைத்தார்கள். மேலே பெரிதாக யோசெப். வேறு ஆள் பெயர் இல்லை. அம்மா இப்போது நேரே போய் மெழுகுதிரி கொளுத்துகிறார்.

பெரியப்பா குணமாகிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். போன கிழமை அழைத்தார். யோசெப் என்ற பெயரை ஆராயத் தொடங்கியிருக்கிறாராம். சுவிசேஷத்திலேயே யோசெப்பின் வம்ச அட்டவணை இருக்கிறதாம். தாவீது அரசர்வரை நேரே போகிறதாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மகனின் பாடசாலை அட்டை பக்கத்தில் இருந்தால் அதையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். அவன் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கணேசலிங்கமா? அது உங்கள் அப்பா. பெயர் தொடரவேண்டும் என்று நீங்கள்தான் ஆசையோடு பதிந்தீர்கள். தொடரும். இன்னும் ஐம்பது வருடத்தில் உங்கள் பேரன் ஒருவன் கணேசலிங்க வம்சத்தின் மூலத்தைத் தேடிக் கிளம்புவான். கெட்டிக்காரப் பையனாக இருப்பான். கேடயம் கிடைக்கும், மிருகம் கிடைக்கும், மரபணு முடிவு கிடைக்கும், ஸ்காபரோவில் ஒரு டாக்சிக்காரர்கூடக் கிடைப்பார்.

உங்கள் பெயர் மட்டும் அவனுக்கு எங்கேயும் கிடைக்காது.