எண் 112, கிழிக்கப்படவில்லை

என் தங்கை மல்லிகாவின் கல்யாணத்தை முக்கால்வாசி நிறுத்தியவன் நான்தான். நானாக ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பொதுவாகக் கல்யாணம் நிற்பதற்கு ஜாதகம், சீர்வரிசை, மாப்பிள்ளையின் பழைய சமாசாரம் என்று கௌரவமான காரணங்கள் இருக்கும். எங்கள் வீட்டில் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். அதற்குக் கோடு போட்டு, அட்டை ஒட்டி, அட்டையில் வாட்டர் கலரில் எங்கள் ஊர் மலையையும் வரைந்தவன் நான்.

எழுபதுகளின் கடைசி அது. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். (வீட்டில் இருந்தேன் என்பது நான் சொல்வது. 'தண்டச்சோறு' என்பது நைனா சொல்வது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) சாயங்காலமானால் செங்கம் ரோட்டில் சிநேகிதனின் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்திருப்பேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷ் பேசுவது என் பொறுப்பு. அப்படித்தான் தீவம்மா பழக்கமானார்.

அவருடைய உண்மையான பெயர் என் வாயில் நுழையவே இல்லை. முப்பது வயது இருக்கும். வடக்குக் கடலில் ஏதோ ஒரு சின்னஞ்சிறு தீவு அவருக்கு. எங்கள் தெருவில் இருக்கிற ஜனத்தில் பாதிகூட அந்தத் தீவில் கிடையாதாம். அங்கே மூடிப்போன பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் எல்லாக் குடும்பத்தின் கடிதங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கூடவே கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் ஒற்றைக் கையுறை, யாரோ ஒரு பெரியவரின் பல்செட்டு. அந்த அறைக்குச் சாவி வைத்திருந்தவர் இவர்தான்.

அந்தப் பல்செட்டு என்னை என்னவோ செய்துவிட்டது. நாமும் வரலாறு படித்தவன்தானே, நம்மிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எப்படிச் செய்வது என்று கேட்டேன். தீவம்மா பொறுமையாகச் சொன்னார். முதலாவது, எதையும் நாமாகத் தூக்கி எறியக் கூடாது. அது என்னவென்று உள்ளது உள்ளபடி ஒரே வரியில் எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும். மூன்றாவதாகவும் ஒன்று சொன்னார், உயிரோடு இருப்பவர்களின் கடிதத்தை அவர்களைக் கேட்காமல் வெளியே காட்டக் கூடாது என்று. அந்தச் சமயம் பார்த்து யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்துவிட்டதால் அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கடுதாசிக் கம்பி உண்டு. ஆணியில் தொங்கும் வளைந்த கம்பி. வந்த கடிதத்தைப் படித்ததும் அதில் குத்திவிடுவார்கள். எங்கள் கூடத்துக் கம்பியில் பதினைந்து வருஷத்துக் கடிதங்கள் கொத்தாகத் தொங்கின. அத்தனையையும் உருவி, ஒட்டடை தட்டி, சிவப்பு மையில் நம்பர் போட்டு, ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. 'எண் 38: சின்னத் தாத்தா. விஷயம் ஒன்றுமில்லை.' 'எண் 57: அத்தை. கோபம்.' 'எண் 58: அத்தை. அதே கோபம்.' பொருள்களுக்குத் தனிப் பக்கம். 'பொருள் 4: நைனாவின் செருப்பு, ஒன்று. ஜோடி தீபத்தன்று கோயில் வாசலில் போனது.' 'பொருள் 9: மல்லிகாவின் சிலேட்டு. அண்ணன் ஒரு மாடு என்று ஆணியால் கீறியிருக்கிறது.'

துக்கச் செய்தி வந்த கடிதம் மட்டும் ஒன்றுகூட இல்லை. சாவு சொல்லி வந்த கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம், அது கம்பிக்கு வராது. ஆகவே என் ரிஜிஸ்டரின்படி எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் சாகவே இல்லை.

அம்மாவுக்கு இந்தக் காப்பகத்தின் அருமை புரியவில்லை.

"வேலை தேடுடான்னா செருப்புக்கு நம்பர் போட்டுக்கினு இருக்கியே. நாளைக்கு மல்லிகாவப் பாக்க வர்றவங்க கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

அதுதான் அப்போது வீட்டின் ஒரே கவலை. மல்லிகாவுக்கு அதற்குமுன் நாலு இடம் வந்து நாலும் கைகூடவில்லை. ஐந்தாவது, கீழ்பென்னாத்தூர் இடம். பையன் தட்சிணாமூர்த்திக்குப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் வேலை. அவன் அப்பா வேதாசலம், பத்திர ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரிலேயே குடியிருந்த கோதண்டம் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், குடும்பத்தைப் பற்றி விசாரித்து எழுதியிருந்தார். இதுவும் போனால் அடுத்த தை வரைக்கும் வேறு இடம் இல்லை என்று தரகர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் வந்தார்கள். எதிர்வீட்டு முனுசாமி அண்ணன் நாலு நாற்காலி இரவல் கொடுத்திருந்தார். பையனோடு சேர்த்து வந்தவர்கள் ஐந்து பேர். காப்பகத்தை அப்புறப்படுத்தச் சொல்லி அம்மா காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்ததால், டிரங்குப் பெட்டியின் மேல் ஒரு பூப்போட்ட போர்வையைப் போர்த்தி அதையே ஐந்தாவது ஆசனமாக ஆக்கியிருந்தேன். வேதாசலம் நேராக அதில் போய் உட்கார்ந்தார். மல்லிகா காபி கொடுத்துவிட்டுப் போய்க் கதவோரமாக நின்றாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ரிஜிஸ்டரை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று, தபால் ஆபீசில் பேனாவைக் கட்டி வைப்பதுபோல, அதைச் சணல் கயிற்றில் பெட்டியின் கைப்பிடியோடு கட்டியிருந்தேன். கயிறு போர்வைக்கு வெளியே தொங்கியது. முப்பது வருஷம் பத்திர ஆபீசில் இருந்தவர் சும்மா இருப்பாரா? இழுத்தார். ரிஜிஸ்டர் வந்தது.

"இன்னா தம்பி இது?"

நைனா என்னைப் பார்த்த பார்வையைப் பொருட்படுத்தாமல் முன்னால் போய் நின்றேன். இரண்டு வருஷமாக என்னை யாரும் எதைப் பற்றியும் கேட்டதில்லை. "எங்க குடும்பக் காப்பகம்ங்க. யார் எந்த நம்பர் கேட்டாலும் அரை நிமிஷத்துல எடுத்துத் தருவேன்" என்றேன்.

என் எழுத்து ஒவ்வொன்றும் கொய்யாக்காய் அளவு இருக்கும். அவர் பக்கங்களைப் புரட்டினார், தலையை ஆட்டினார். கோடு நேராக இருக்கிறது என்றார். நைனாவின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

"நூத்திப் பன்னெண்டு. அத எடு பாக்கலாம்."

எழுந்து வழிவிட்டார். நான் போர்வையை விலக்கி, பெட்டியைத் திறந்து, கட்டைப் பிரித்து, சொன்ன நேரத்துக்குள் ஒரு போஸ்ட் கார்டை நீட்டினேன். எனக்கு எண் மட்டும்தான் கண்ணில் பட்டது, அது எந்தக் கார்டு என்று யோசிக்கவில்லை. மலையேறி ஜோதியைப் பார்த்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடிய எங்கியோ வெச்சிட்டேன். எழுத்து எறும்பு மாதிரி கீது. நீயே படி தம்பி."

பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடம் முழுவதும் கேட்கும்படி ஆரம்பித்தேன்.

"சேமம். நீங்கள் கேட்டபடி இங்கே விசாரித்தேன். பையன் தங்கம். பீடி, சிகரெட் இல்லை. அம்மா வாயில்லாப் பூச்சி. அப்பா வேதாசலம்..."

அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். கீழே போட்டிருக்கலாம், மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். ஆனால் வேதாசலம், "உம், மேல" என்றார். முப்பது வருஷம் பத்திரத்தைப் படிக்கச் சொல்லிப் பழகிய குரல் அது. என் வாய் தானாக மேலே படித்தது.

"...நல்ல மனிதர்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எதைச் சொன்னாலும் சாட்சி உண்டா என்று கேட்பார். அவர் வருவதைப் பார்த்தால் டீக்கடையில் இருப்பவர்கள் பாதி டீயோடு எழுந்துவிடுகிறார்கள். கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு வீட்டையே தலைகீழாக்குவார். மற்றபடி கெடுதல் இல்லை, மல்லிகாவைக் கொடுக்கலாம். இந்தக் கார்டைப் படித்ததும் கிழித்துவிடவும்."

வேதாசலம் ரிஜிஸ்டரை மறுபடி எடுத்துக் கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு, அந்த வரியை அவரே உரக்கப் படித்தார். "எண் நூத்திப் பன்னெண்டு. கோதண்டம் மாமா, கீழ்பென்னாத்தூர். வரனின் தகப்பனார் குணம். கிழிக்கச் சொல்லியிருக்கிறது. கிழிக்கப்படவில்லை."

அவர் மனைவி, அதுவரை வாயே திறக்காதவர், மெதுவாக, "கண்ணாடி விஷயம் நெஜந்தான்" என்றார்.

வேதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார். பஜ்ஜி அப்படியே இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "போய்க் கடுதாசி போடறோம்" என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் வந்த நாலு பேரும் சொன்னது அதையேதான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. நைனா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா பஜ்ஜியை முனுசாமி அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மல்லிகா பட்டுப்புடவை மாற்றாமல் பின்பக்கம் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். போய் நின்றேன்.

"நாலு பேர் வந்தாங்க. ஒருத்தரும் எனக்குப் புடிக்கல, நானும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "இவரப் புடிச்சிருந்துதுண்ணா. நீ படிக்கறப்ப கைக்குட்டைய வாயில வெச்சிக்கினு சிரிப்ப அடக்கினாரு பாரு, அப்பத்தான் புடிச்சிது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த வெறுப்பு அதற்குப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. ரிஜிஸ்டரைக் கயிற்றோடு அறுத்துக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் திணிக்கப் பார்த்தேன். நைனா படுத்த இடத்திலிருந்தே, "அத எரிச்சா மட்டும் அந்தாளு மறந்துடுவாரா? வைடா உள்ள" என்றார்.

அதற்கப்புறம் பதினோரு நாள். தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் நான் வாசலுக்குப் போய்விடுவேன். மல்லிகா ஜன்னல் வரைக்கும் வருவாள், வரவில்லை என்று நான் கையை விரித்ததும் உள்ளே போய்விடுவாள். பதினோராம் நாள் ஒரு கனமான கவர் வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. அம்மா அதைப் பிரிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உள்ளே, பத்திரம் எழுதுகிற கையெழுத்தில் ஒரு தாள்: 'தங்கள் ரிஜிஸ்டரைப் பார்வையிட்டதில் ஒரு தரப்பு மட்டுமே பதிவாகியுள்ளது. இது முறையல்ல. எதிர்த்தரப்பு ஆவணம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. வரிசை எண் கொடுத்து, தங்கள் குமாரனிடம் ரசீது பெற்று அனுப்பவும். பெண்ணை எங்கள் அனைவருக்கும் பிடித்திருக்கிறது. கண்ணாடி கிடைத்துவிட்டது, என் இடுப்பிலேயே இருந்தது.'

இணைப்பு ஒரு போஸ்ட் கார்டு. எங்களைப் பற்றி அவர்கள் விசாரித்ததற்கு வந்த பதில். எழுதியவர் நாற்காலி கொடுத்த முனுசாமி அண்ணன். 'தகப்பனாருக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் தணியும், நடுவில் பத்து நிமிடம் தெருவில் நிற்க முடியாது. தாயாருக்குக் கை தாராளம், வாயும் தாராளம். பெண் குணவதி. பெண்ணுக்கு ஒரு அண்ணன் உண்டு. வேலை கிடையாது. பழைய கடுதாசிக்கெல்லாம் நம்பர் போடுகிறான். ஆபத்தில்லாதவன். படித்ததும் கிழித்துவிடவும்.'

நைனா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். "கிழிக்காத இன்னொரு குடும்பம். பொருத்தம் இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார். எண் 113 என்று நம்பர் போட்டேன். ரசீதும் அனுப்பினேன், கையெழுத்துக்குக் கீழே 'காப்பாளர்' என்று போட்டு.

வைகாசியில் கல்யாணம். அம்மா முனுசாமி அண்ணனை முதல் பந்தியில் உட்கார வைத்து, "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு பாத்துக்குங்க, எழுதணும் இல்ல" என்று தன் கையாலேயே பரிமாறினாள். மாப்பிள்ளை அன்றிலிருந்து இன்றுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஆபத்தில்லாதவர் சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்பார். அவர் பிள்ளைகளுக்கும் நான் ஆபத்தில்லாத மாமாதான்.

வேதாசலம் மாமா எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். பெட்டிதான். கையோடு ஏதாவது கொண்டுவருவார், ஒரு பழைய இன்லண்ட் லெட்டர், அவர் அப்பாவின் வெற்றிலை இடுக்கி. நம்பர் போட்டு ரசீது கொடுத்தால்தான் காபி குடிப்பார். எனக்கு வேலை கிடைக்கும் வரையில் உத்தியோகத்தில் இருக்கிறவனிடம் பேசுவதுபோல என்னோடு பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் அவர் போய்விட்டார். நான் கீழ்பென்னாத்தூர் போய்த் தோள் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து, கறுப்புக் கரை போட்ட காரியப் பத்திரிகை தபாலில் வந்தது. வாசலில் நின்று படித்தேன். எதையும் நாமாகத் தூக்கி எறியக் கூடாது என்று தீவம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்த எண் 240. உள்ளே ரிஜிஸ்டர் திறந்துதான் இருந்தது.

அந்த ஒன்றை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். என் ரிஜிஸ்டரின்படி வேதாசலம் மாமா இன்னும் கீழ்பென்னாத்தூரில்தான் இருக்கிறார், வீட்டைத் தலைகீழாக்கிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு.