பின்னால் மிதித்தால் நிற்கும்

பெர்த் நகரிலிருந்து சொந்த ஊரான லெய்டன் ரயில் நிலையம் வந்து சேர இருபத்தாறு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வீட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் பாக்கி. ஹெஸ்டருக்கு அதுதான் மலைப்பாக இருந்தது.

அப்பாவுக்கு அன்று எழுபதாவது பிறந்தநாள். வீட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காபியும் ஆளுக்கு ஒரே ஒரு துண்டு கேக்குமாக எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வட்டத்தில் தனக்கு ஒரு நாற்காலி உண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மாத ஆராய்ச்சி வேலை என்று சொல்லிவிட்டு ஆஸ்திரேலியா போனவள்; ஒன்பது வருடம் ஆகிவிட்டது. 'இங்கேயே இருந்துவிடுகிறேன்' என்று அவள் போனில் சொன்ன அன்று, "சரி, மழை வருது, துணி எடுக்கணும்" என்று அப்பா வைத்துவிட்டார். அதோடு நான்கு வருடமாகப் பேச்சில்லை. இன்று வருவதாக அவளும் சொல்லவில்லை.

நிலைய வாசலில் பழக்கதோஷத்தில் சைக்கிள் வரிசைகளைப் பார்த்தாள். நான்கு வாரம் அசையாமல் நிற்கும் சைக்கிளை நகராட்சிக்காரர்கள் சீட்டு ஒட்டித் தூக்கிப் போய்விடுவது அங்கே வழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன் பூட்டி வைத்தது இருக்கவா போகிறது?

இருந்தது.

கறுப்புச் சைக்கிள். பின் மட்கார்டில் அவள் கையால் பூசிய மஞ்சள் பட்டை. சாவிக்கொத்தில் எதற்கென்றே தெரியாமல் சுமந்து திரிந்த சின்னச் சாவியைப் போட்டாள். டக்கென்று திறந்தது. ஊரே அவளை மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது. முதுகுப் பையோடு ஏறி மிதித்தாள்.

எதிரே வந்தவர்கள் எல்லாரும் மணி அடித்தார்கள். வரவேற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"ஏம்மா, பக்கம் தெரியாதா?" என்று கத்திக்கொண்டே ஒருவர் விலகிப் போனார்.

பெர்த்தில் இடதுபக்கம், இங்கே வலதுபக்கம். அவசரமாக மாறினாள். மாறிய இடத்தில் மூன்று குழந்தைகளைச் சைக்கிளின் முன்பெட்டியில் உட்காரவைத்து ஒரு பெண் முன்னால் மெதுவாக மிதித்துப் போய்க்கொண்டிருந்தாள். ஹெஸ்டர் கைப்பிடியில் பிரேக்கைத் தேடினாள். அங்கே ஒன்றுமில்லை. பெடலைப் பின்னால் மிதித்தால்தான் இந்தச் சைக்கிள் நிற்கும் என்பது மனதுக்கு ஞாபகம் வருமுன் காலுக்கு வந்துவிட்டது. சைக்கிள் அப்படியே நின்றது. அவள் நிற்கவில்லை.

மீன் கடை முன்னால் நின்றிருந்த முதல் சைக்கிளில் போய் விழுந்தாள். அது இரண்டாவதைத் தள்ளியது. பதினோராவது சைக்கிள் கடையின் வெங்காயத் தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓய்ந்தது.

"டூரிஸ்டுக்கெல்லாம் யாருப்பா சைக்கிள் குடுக்கறது?" என்றாள் கடைக்காரி ட்ரூஸ்.

"நான் டூரிஸ்ட் இல்ல. இந்த ஊர்தான்."

"அப்ப இன்னும் கேவலம்."

பதினொன்றையும் நிமிர்த்தினாள். கடைசியாகத் தன்னுடையதைத் தூக்கும்போதுதான் கவனித்தாள். மணி புதுசு. சீட் புதுசு. பின் டயர் புதுசு. சங்கிலியில் ஈர எண்ணெய்.

இதை யாரோ வைத்திருக்கிறார்கள். மாற்றுச் சாவி அப்பாவிடம்தான் இருந்தது. அப்படியென்றால் விற்றுவிட்டார். இனி வரமாட்டாள் என்று முடிவு செய்து, சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார். நாற்காலி விஷயமும் தெளிவாகிவிட்டது.

சொந்தக்காரர் வருவதற்குள் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம். தள்ளிக்கொண்டு ஓடினாள். அந்த இடத்தில் வேறு சைக்கிள் வந்துவிட்டிருந்தது. அதை இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு போதலையா? ரெண்டாவதும் வேணுமா?"

மஞ்சள் சட்டை போட்ட நிறுத்துமிடக் காவலர். சட்டையில் 'சீட்ஸே' என்று பெயர் எழுதியிருந்தது.

"திருடல. திருப்பி வைக்கத்தான் வந்தேன்."

"உன் கையில இருக்கறது யார் சைக்கிள்னு எனக்குத் தெரியும். உன்னோடது இல்ல."

"தெரியும். முன்னாடி என்னோடதா இருந்தது. எங்கப்பா வித்துட்டார்."

"வித்துட்டாரா?"

"சாவி பழைய சாவி. தெரியாம எடுத்துட்டேன். கீறல் விழுந்திருக்கு. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க. நான் ரயிலைப் பிடிக்கணும்."

"நீயே சொல்லு. இன்னிக்கு ஞாயிறு, அவர் வர்ற நாள். மூணு மணிக்கு டாண்ணு வருவார். வீட்ல விருந்தாளிங்களாம், இருந்தும் வரேன்னு போன் பண்ணினார்."

மணி இரண்டு ஐம்பத்தைந்து. ஹெஸ்டர் பையை மாட்டிக்கொண்டாள்.

"திட்டுவாரா?"

"பேசினாத்தானே திட்ட. கஞ்சன் மாதிரி பேசுவார்." சீட்ஸே சைக்கிளைச் சுற்றிவந்து கீறலைத் தடவினார். "ஆனா இதுல ஒரு தூசி விடமாட்டார். நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காத்தடிச்சு, எண்ணெய் போட்டு, ஒரு இடம் தள்ளி நிறுத்துவார். தூக்கிட்டுப் போயிடக் கூடாதாம். இத்தனை வருஷத்துல ஒரு நாளும் ஏறி ஓட்டினதில்ல."

"ஓட்டாத சைக்கிள் எதுக்கு?"

"அதையேதான் நானும் கேட்டேன். மூணு மாசத்துல வரேன்னு போன பொண்ணு, வந்து இறங்கினா வீட்டுக்கு நடந்தா வருவான்னு கேட்டாரு."