தொறக்காதீங்க அண்ணாச்சியும் கோயில் ஜன்னலும்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த ‘ர’ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பத்திரிகையில் இருப்பவர்கள் திருத்திப் போட்டுக்கொள்ளவும். நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் தேடினாலும் தொறக்காதீங்க அண்ணாச்சி அளவுக்குக் கண்ணாடி உடைத்த மனிதர் கிடைக்க மாட்டார். பஸ் மேல் கல் எறிகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜூஜுவாடியில் நான் மரப்பெட்டி அடிக்கும் ஷெட்டுக்கு அடுத்த ஷெட் அவருடையது. தூத்துக்குடிக்காரர். முன்பு கார் கண்ணாடி செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தார். அங்கே தட்டைக் கண்ணாடியை அச்சின் மேல் வைத்துச் சூளைக்குள் அனுப்புவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தபடியே தூங்குகிறவன் தலை சாய்கிற மாதிரி, அது சூட்டில் இளகி அச்சில் படியும். ஒருநாள் ஒரு கண்ணாடி அளவுக்கு மேல் தொய்ந்துவிட்டது. சூப்பர்வைசர் ரிஜெக்ட் என்று ஒதுக்கினார். அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“சார், இது ரிஜெக்ட் இல்ல. தாமரை எல.”

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

பழைய இரும்புக் கடையில் ஒரு மின்சாரச் சூளையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஐஸ் பெட்டியைப் போல மேல்மூடி வைத்தது. உருகிய கண்ணாடி மெதுவாகத்தான் ஆற வேண்டுமாம். நடுவில் மூடியைத் தூக்கினால் வெளிக்காற்று பட்டு விரிசல் விடுமாம். அதனால் ஷெட்டுக்குள் யார் தலை நீட்டினாலும் “தொறக்காதீங்க” என்பார். வணக்கம் எல்லாம் அப்புறம்தான். நாளாக ஆக அது வாயில் ஒட்டிக்கொண்டது. நான் டிபன் பாக்ஸில் கை வைத்தால் “தொறக்காதீங்க.” வீட்டில் அவர் மனைவி குக்கரில் கை வைத்தால் “தொறக்காதீங்க.” மத்திகிரி டவுன் பஸ்ஸில் ஜன்னலைத் தள்ளப்போன ஒரு அம்மாவிடமும் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆரம்பத்தில் காலி பாட்டில்களை உடைத்து உருக்கினார். எல்லைக்கு இந்தப் பக்கம் கிடந்தது ஒரு சாக்கு, அத்திப்பள்ளிப் பக்கம் கிடந்தது ஒரு சாக்கு. இரண்டையும் கலந்து சுட்டால் ஆறும்போது பிளந்துவிடும். திரும்பச் சுட்டால் திரும்பப் பிளக்கும். கடைசியில் டீக்கடையில் வந்து முடிவைச் சொன்னார்.

“கர்நாடகா பாட்டிலும் நம்ம பாட்டிலும் ஒட்டாதுங்க.”

“ஆத்துத் தண்ணியிலயே ஒட்டல அண்ணாச்சி. பாட்டில்ல எங்க ஒட்டப் போவுது?” என்றார் டீ மாஸ்டர்.

அப்புறம்தான் நம் பக்கத்து பாட்டிலும் நம் பக்கத்து பாட்டிலுமே ஒட்டுவதில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு கண்ணாடியும் ஆறும்போது ஒவ்வொரு விதமாகச் சுருங்குமாம். எந்தக் கண்ணாடியும் தன் சொந்தத் துண்டோடுதான் நம்பி ஒட்டும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஷெட்டுக்குப் பின்னால் சின்ன மலையே சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே ஷீட்டில் வெட்டிய கண்ணாடிதான். இரண்டு துண்டுக்கு நடுவே எதையாவது வைத்துச் சுடுவார். லேத்துப் பட்டறையின் செம்புச் சுருள் கருஞ்சிவப்பாக வந்தது. வேப்பிலை, நரம்பு நரம்பாகச் சாம்பலாய் நின்றது. என் ஆணிகளையும் எடுத்துப் போனார். அவை கண்ணாடியைப் பிளந்தன. “உன் ஆணி சரியில்ல” என்றார்.

அவர் மனைவி மேரி அக்கா கம்பெனி வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். மத்திகிரிப் பக்கத்து மாதா கோயில் ஃபாதரிடம் பேசி, ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி செய்யும் வேலையையும் அவர்தான் வாங்கித் தந்தார். படம், ஏசு கூட்டத்துக்கே பகிர்ந்து கொடுத்த ஐந்து அப்பமும் இரண்டு மீனும். கூடவே ஒரு கண்டிஷனும் வைத்தார்.

“இந்த ஜன்னல் நல்லா வந்துச்சுன்னா காலம் பூரா அந்தச் சூளையக் கட்டிக்கிட்டு அழுங்க. ஃபாதர் வேண்டாம்னுட்டா மறுநாளே கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போயிரணும்.”

அண்ணாச்சி தலையாட்டினார். பக்கத்து ஷெட்டுக்காரன் என்ற முறையில் நானும் ஆட்டினேன்.

ஜன்னல் சூளைக்குள் ஆறிக்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. எங்கள் வரிசையில் அன்றைக்கு ஒரு மெஷின் ஓடாது. எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் வைத்து, மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள். அண்ணாச்சி மட்டும் இறக்கவில்லை. ஷெட் ஓனர் வெங்கடப்பா உள்ளூர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கடவுளிடம் இரண்டும்.

“இன்னிக்கு எதுவும் ஓடக் கூடாது அண்ணாச்சி. அதுங்களுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?”

“ஓடல சாமி, ஆறுது. இதான் அதுக்கு ரெஸ்ட்.”

“அப்ப செவப்பு லைட்டு ஏன் எரியுது?”

“வெளக்கு ஏத்தி வச்சிருக்கேன்னு நெனச்சுக்கோங்க.”

வெங்கடப்பா யோசித்தார். “ஆகலி, எரியட்டும்” என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சூளைக்கு மாலை போட்டார். சூட்டில் பூ வதங்கி ஷெட் முழுக்கப் பொரித்த சாமந்தி வாசனை.

அதோடு போயிருந்தால் கதை இல்லை. வாசலில் பூசணிக்காய் உடைக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். அண்ணாச்சியும் பொரி வாங்க வந்தார். வெங்கடப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. என் சுத்தியல் முதல் லேத்து வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. சூளைக்கு வெளியே வைத்தாயிற்று. வேலை நடப்பதோ உள்ளே. மனிதர் பக்தியோடு திரும்பிப் போய், மூடியைத் தூக்கி, ஒரு சிட்டிகை குங்குமத்தை உள்ளே தூவினார்.

டிக். பேனாவுக்கு மூடி போட்ட மாதிரி ஒரு சத்தம்.

நாங்கள் ஓடினோம். வெங்கடப்பாவின் மீசை ஓரம் பொசுங்கியிருந்தது. கண்ணாடியில் மேலிருந்து கீழ் வரை விரிசல். வாழ்நாள் முழுக்கத் ‘தொறக்காதீங்க’ என்று கத்திய மனிதர், திறந்திருந்த அன்றைக்கு மெதுவாகச் சொன்னார்.

“மூடிருங்க சாமி.”

மேரி அக்கா சாயந்திரம் வந்து பார்த்தார். வெங்கடப்பா எனக்குப் பின்னால் மறைந்து நின்றார். மறைவதற்கு நான் போதாத ஆள்.

“திரும்பச் சுட்டா ஒட்டுமா?” என்றார் அக்கா.

“ஒரே கண்ணாடிதான. ஒட்டும்.”

“அப்ப சுடுங்க. ஃபாதர் வந்து பாக்கட்டும்.”

இரண்டாவது தடவை அது ஆறி முடியும்வரை, வெங்கடப்பா சூளைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் “தொறக்காதீங்க” என்றார்.

விரிசல் மறைந்துவிட்டது. குங்குமம் போகவில்லை. ஒரு அப்பத்தின் மேல் பழுப்பாக, குமிழ் குமிழாக நின்றுவிட்டது. ஃபாதர் அந்த இடத்தில் விரல் வைத்தார். அக்கா மூச்சை விடவில்லை.

“இது என்னங்க?”

அண்ணாச்சிக்குப் பொய் வராது. “அது வெங்கடப்பா, ஃபாதர்.”

முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஃபாதர் விரலை எடுத்தார். “நல்லா வெந்த அப்பத்துல கரி இருக்கத்தான செய்யும். மாட்டிருங்க.”

அக்கா மூச்சை விட்டார். அண்ணாச்சி ஷிப்டுக்குப் போகவில்லை. வெங்கடப்பா மட்டும் இன்றும் மத்திகிரி போனால் கோயிலுக்குள் எட்டி, தன் அப்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

இப்போது அண்ணாச்சி தளி ரோட்டில் பெரிய ஷெட் எடுத்திருக்கிறார். பெங்களூர் கார்கள் வந்து நிற்கின்றன. அவர் கண்ணாடிக்குப் பெட்டி நான்தான் அடிக்கிறேன், கண்ணாடிக்கு ஒத்துவரும் ஆணியில். பக்கத்து ஷெட் காலி. இந்த வருஷமும் வெங்கடப்பா, சூளை இருந்த வெறும் தரைக்கு ஒரு பொட்டு வைத்தார்.

மதியத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான்தான் கொஞ்ச நேரம் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சுத்தியலும் பேனாவும் பூஜையில் இருந்தன. இரண்டையும் இன்றைக்குத்தான் கையில் எடுத்தேன். முதலில் பேனா.

ஜூஜுவாடி, விஜயதசமி.