பட்டுப் பொடவையில பனிமலை எறங்குன கத

அன்னிக்கி எனக்குக் குடுத்த வேல ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பட்டுப் பொடவைய பனியில விரிக்கணும். மாமா போட்டோ எடுப்பாரு. அவ்ளோதான்.

எஸ்.எஸ்.எல்.சி.ய பாதியில விட்டவனுக்கு இதுகூடவா வராது?

எடம் காஞ்சிபுரம் இல்லபா. லீக்டன்ஸ்டைன்! சுவிஸ்க்குப் பக்கத்துல பொடிசா ஒரு தேசம். பஸ்ல கொஞ்சம் கண்ண மூடுனா தாண்டிப் போயிடும்.

பெரிய காஞ்சிபுரத்துல பட்டுக்கட வெச்சிருக்கற எங்க மாமா, சுவிஸ்ல ஒரு கண்காட்சிக்குப் போனாரு. மூட்ட தூக்க என்னிய இட்டுக்கினு போனாரு. அங்க வந்த ஒரு துணிக்கடக்காரம்மா, "எங்க ஊருக்கு வாங்க. பொடவ புடிச்சா ஆர்டர் தரேன்"னுட்டாங்க.

மாமா பஸ்லயே சொல்லிட்டாரு. "டேய் மாப்ள, இந்த ஆர்டர் வந்தா நீ கடையில சேல்ஸ்மேன். கெடுத்த, ஊருக்குப் போன அன்னிக்கே உன்னிய தறியில உக்கார வெச்சிருவேன்!"

தறியிலயா! ஒரு எடத்துல உக்கார முடியாமத்தானே பள்ளிக்கூடத்தயே விட்டேன்!

ஊரு சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். மலமேல ஒரு கோட்ட. அதுல இன்னிக்கும் ராஜா குடும்பம் குடியிருக்குதாம்.

மாமா அண்ணாந்து பாத்தாரு. "ராணிக்கு அரக்கு கலரு எடுக்குமாடா?"

அந்தம்மா மத்தியானம் மலையடிவாரத்து காப்பி ஓட்டலுக்கு வரேன்னாங்க. அதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்துடலாம்னு மாமாவுக்கு ஆச. கம்பியில தொங்கற நாற்காலியில ஏறுனோம். மாமா பேண்ட்டு மேல வேட்டிய கட்டிக்கினு, கண்ண மூடிக்கினு, உச்சி வரைக்கும் "காமாட்சி! காமாட்சி!"ன்னுக்கினே வந்தாரு.

மேல போனா எல்லாம் வெள்ள. அரக்குப் பொடவைய பிரிச்சேன்.

"நம்ம தெருவுல பாவு இழுக்கறா மாதிரி நெடுக இழுத்து விரிடா!"

விரிச்சேன். ஒரு காத்து அடிச்சிது. பொடவ நவுந்துச்சி.

தெரு நெடுக பட்டு நூல நீட்டி பாவு போடற ஊருல பொறந்தவன் நானு. பட்டு கைய விட்டுப் போச்சின்னா முதுகுத் தோலு போயிடும்னு தெரியும். யோசிக்கவே இல்ல. ஒரே பாய்ச்சல். பொடவ நடுவுல தொப்புனு உக்காந்தேன்.

பொடவ கெளம்பிடுச்சி.

"டேய்! எங்கடா போற?"

"நான் போகல மாமா! பொடவ போவுது!"

"காலு ஊனுடா!"

"எங்க ஊனறது? தர ஓடுது மாமா!"

"நீ எக்கேடோ கெடு! முந்தானைய தூக்கிப் புடிடா!"

ரெண்டு குச்சி வெச்சிக்கினு சறுக்கினு போன வெள்ளக்காரர் ஒருத்தர தாண்டுனேன். அவுரு என்னமோ கத்துனாரு. எதுக்கு மரியாத கொறைச்சலுன்னு ஒரு வணக்கம் வெச்சேன். வெச்சிருக்கக் கூடாது. பொடவையிலேர்ந்து கைய எடுத்ததும் சுத்தி, மொகம் உச்சிப் பக்கமா திரும்பிடுச்சி. மீதி மலைய பின்னாலயே எறங்குனேன்.

அடிவாரத்துல, அந்த காப்பி ஓட்டல் வாசல்ல ஒரு பனிக்குவியல்ல போயி சொருவி நின்னேன். தல தூக்குனா, ரெண்டு பூட்ஸு. அதுக்கு மேல காப்பி கப்போட துணிக்கடக்காரம்மா.

"நான் பாக்க வந்த பொடவ இதானா?"

"எஸ் மேடம்."

போச்சி. தறி சத்தமே காதுல கேட்டுது.

அந்தம்மா பொடவைய உதறுனாங்க. பனி கொட்டுச்சி. வெயில்ல புடிச்சிப் பாத்தாங்க. ரெண்டு கையால இழுத்துப் பாத்தாங்க.

"ஒரு ஆள மலையிலேர்ந்து சொமந்துக்கினு வந்துருக்குது. ஒரு இழை பிரியலியே!"

அதுக்குள்ள மாமா நாற்காலியில எறங்கி ஓடியாந்தாரு. அந்தம்மா இங்கிலீஷ்ல சொன்னத நான் தமிழ்ல சொன்னதும், என்னிய அடிக்க ஓங்குன கை அப்பிடியே தோள்மேல வந்து விழுந்துச்சி.

"காஞ்சிபுரத்துல எல்லாப் பொடவையும் இப்பிடித்தான் டெஸ்ட் பண்ணுவோம்னு சொல்லுடா!"

"காஞ்சிபுரத்துல பனி ஏது மாமா?"

"சொல்லுடான்னா!"

சொன்னேன். ஆர்டர் வந்துச்சி. சேல்ஸ்மேன் வேலையும் வந்துச்சி.

பொடவைக்கு ஒரு கீறல் இல்லபா. எனக்குத்தான், தறிய வுடு, திரும்பி வந்த பிளேன்லகூட உக்கார முடியல.